பள்ளி விற்பனை நாளும் பாட்டி வீட்டுப் பலகாரமும்

மூத்த குடிமக்களுக்கான உணவுப் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் சுகாதார அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வருவான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேன்டீன் நாள் நடத்துகிறது, நிதி திரட்டுகிறார்கள், கூப்பன் இவ்வளவு விற்க வேண்டும், உணவுக் கடைக்குப் பலகாரம் கொடுத்து உதவ முடியுமா என்று அதில் இருக்கும். மகனும் மருமகளும் காலை ஆறரைக்கு வேலைக்குப் புறப்பட்டால் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புகிறார்கள். அதனால் அந்தக் கடிதம் கடைசியில் யார் கைக்கு வந்து சேரும் என்பது உங்களுக்கே தெரியும். பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியானாலும் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியானாலும், விற்பனை நாளில் மேசைமேல் இருக்கும் நெய் பிஸ்கெட்டும் பட்டர் கேக்கும் அச்சுமுறுக்கும் பெரும்பாலும் பாட்டிமார் கைவேலைதான்.

அந்தப் பணம் பள்ளிக்கு வேண்டியிருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகப் பேருந்து வாடகை, நூல்நிலையப் புத்தகம், மண்டபத்துக்கு மின்விசிறி என்று செலவு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே உங்களை அடுப்பங்கரையிலிருந்து விரட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "லைசென்ஸ் இல்லாமல் விற்றால் பிடிப்பார்களா?" என்பது. அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் லைசென்ஸ். நம் மக்கள் லைசென்ஸ் என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று நான்கு காகிதங்கள். அவை ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகத்திலிருந்து வருபவை.

ஒன்று, சுகாதார அமைச்சில் செய்யும் பதிவு. நம் நாட்டில் உணவுக்கு அடிப்படைச் சட்டம் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம். அதன்கீழ் 2009இல் உணவுத் தூய்மை விதிமுறைகள் வந்தன. விற்பனைக்காக உணவு தயாரிக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சில் பதிவு செய்ய வேண்டும் என்று அவை சொல்கின்றன. வீட்டுச் சமையலறையில் செய்து வாட்ஸ்அப் வழியாகவும் முகநூல் வழியாகவும் தொடர்ந்து விற்பவர்களும் இதில் அடங்குவார்கள். பதிவு இலவசம், மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஃபோசிம் என்ற இணையத்தளத்தில் செய்ய வேண்டும். கணினி வராவிட்டால் கவலை வேண்டாம், பேரப்பிள்ளையை உட்கார வைத்துச் செய்துவிடலாம். பதிவு செய்யத் தவறினால் நீதிமன்றம் 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம்.

அடுத்தது உங்களைப் பற்றியது, உங்கள் வீட்டைப் பற்றியது இல்லை. உணவைக் கையாள்பவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், தைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பயிற்சி ஏறக்குறைய மூன்று மணி நேரம், கட்டணம் சுமார் 50 வெள்ளி. சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிப் பள்ளிகள் நடத்துகின்றன. ஊசி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

மூன்றாவது, உள்ளாட்சி மன்றத்தின் வணிக உரிமம். கோலாலம்பூரில் மாநகராட்சி, அதாவது டிபிகேஎல். கிள்ளானில் 2024 பிப்ரவரி 5ஆம் தேதிமுதல் கிள்ளான் அரச மாநகர் மன்றம், பழைய நகராண்மைக் கழகம்தான். வீட்டிலிருந்து நடத்தும் சிறு வணிகத்துக்கான நடைமுறை மன்றத்துக்கு மன்றம் மாறும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தங்கை சொன்னதைக் கேட்டுக் கிள்ளானில் செய்யாதீர்கள். உங்கள் மன்றத்தின் உரிமப் பிரிவிடமே கேளுங்கள். கடைசியாக, தொடர்ந்து வணிகம் செய்பவர் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். இது 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம்.

சரி, ஆண்டுக்கு ஒரு நாள், பள்ளி மைதானத்தில், பேரனுக்காக ஐம்பது பொட்டலம் பிஸ்கெட். இதற்கு இவ்வளவுமா என்று கேட்கிறீர்கள். அன்றைய விற்பனையை நடத்துவது பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும். அனுமதி வாங்குவது அவர்கள் வேலை. வெளியாரும் வந்து வாங்கும் பெரிய விற்பனை விழா என்றால் உள்ளாட்சி மன்றத்தில் தற்காலிக உரிமம் தேவையா என்று முன்கூட்டியே அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் ஒரு மாதம் முன்பே எழுதினால் நாங்கள் வந்து கடை வைப்பவர்களுக்குச் சொல்லித் தர முடியும். நீங்கள் பாட்டியாக உதவி செய்பவர். ஆனாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: விற்பனை ஒரு நாள்தான் என்பதால் உணவுச் சட்டத்தின் பாதுகாப்புக் கடமை குறைந்துவிடாது. லாபம் உங்கள் பைக்கு வந்ததா பள்ளி உண்டியலுக்குப் போனதா என்பது, சாப்பிட்ட பிள்ளையின் வயிற்றுக்குத் தெரியாது. உடல்நலத்தைக் கெடுக்கும் பொருள் கலந்த உணவை விற்றால் உணவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி 1,00,000 வெள்ளி வரை அபராதமோ பத்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

லண்டனில் மகள் இருக்கிறாள், அங்கே தேவாலய விழாவுக்கு எல்லாரும் கேக் சுட்டுக் கொண்டுபோகிறார்கள், யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். எப்போதாவது ஒருமுறை நன்கொடைக்காகச் செய்பவர் அங்கே பதிய வேண்டியதில்லை. தொடர்ந்து, ஒழுங்காக நடத்தினால் பதிய வேண்டும். சிங்கப்பூரிலும் வீட்டு உணவு வணிகத்துக்கு உணவு முகவையின் உரிமம் கேட்பதில்லை. இந்தியாவில் வீட்டில் கேக் சுட்டு விற்கும் சிறு வணிகரும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும். நாட்டுக்கு நாடு காகிதம் மாறுகிறது. கெட்டுப்போன உணவு என்ன செய்யும் என்பது எங்கும் ஒன்றுதான்.

அதனால் என் யோசனை இது. ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது வெளியாருக்குச் சமைத்துக் கொடுப்பவர் என்றால் (தீபாவளி ஆர்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) பயிற்சியையும் ஊசியையும் முடித்துவிடுங்கள். மூன்று மணி நேரமும் 50 வெள்ளியும் அப்படியொன்றும் பெரிதல்ல. "நாற்பது வருஷமாகச் சமைக்கிறேன், எனக்கா சொல்லித் தரப் போகிறார்கள்?" என்று கேட்கும் அம்மாமார்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் யாரும் முறுக்குப் பிழியச் சொல்லித் தருவதில்லை. நாலு பேருக்குச் செய்யும் கை நானூறு பேருக்குச் செய்யும்போது என்ன மாறுகிறது என்பதைச் சொல்லித் தருகிறார்கள்.

தைஃபாய்டு ஊசி ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. நியூயார்க்கில் மேரி மேலன் என்று ஒரு சமையல்காரம்மா இருந்தார். நல்ல கைமணம். பழம் போட்ட ஐஸ்கிரீம் நன்றாகச் செய்வாராம். அவர் வேலை செய்த வீடுகளில் ஒவ்வொன்றாகத் தைஃபாய்டு வந்தது. அவருக்கு மட்டும் காய்ச்சலே இல்லை. நோய்க்கிருமி அவர் உடலுக்குள் அமைதியாகக் குடியிருந்து, கை வழியாக உணவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1907இல் அவரைத் தனிமைத் தீவில் வைத்தார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்று உறுதி சொன்னதால் 1910இல் விட்டார்கள். வேறு பெயரில் மறுபடி சமையல் வேலைக்குப் போனார், மறுபடி நோய் பரவியது. 1915இல் பிடித்து, 1938இல் இறக்கும்வரை தனிமையிலேயே வைத்திருந்தார்கள். பாவம்தான். கவனியுங்கள், அடுப்பில் கொதித்த சாப்பாட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை. அடுப்பைப் பார்க்காத ஐஸ்கிரீம்தான் ஆபத்து. உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதால் கை சுத்தம் என்று ஆகிவிடாது.

இனி என் உண்மையான கவலைக்கு வருகிறேன். எதைச் செய்து கொடுப்பது என்பதுதான் அது.

முறுக்கு, ஓமப்பொடி, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை, நெய் பிஸ்கெட், பைனாப்பிள் டார்ட், பட்டர் கேக் இவையெல்லாம் ஈரம் குறைந்தவை, அல்லது சர்க்கரையும் நெய்யும் மிகுந்தவை. கிருமிக்கு வளரத் தண்ணீர் வேண்டும். முறுக்கில் அதற்குத் தண்ணீர் கிடைக்காது. நம் முன்னோர் நீண்ட பயணத்துக்கு முறுக்கும் பொருள்விளங்கா உருண்டையும் கட்டிக்கொண்டு போனதன் காரணம் இதுதான். பள்ளி விற்பனைக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த வரிசையைத்தான்.

அடுத்த வரிசை: கிரீம் வைத்த கேக், கிரீம் பஃப், கஸ்டர்ட், புட்டிங், திராமிசு, மூஸ், வீட்டில் அடித்த மயோனேஸ் போட்ட முட்டை சாண்ட்விச், தேங்காய்ப்பால் சேர்ந்த கூய், சாம்பலோடு நாசி லெமாக். இவற்றைச் செய்யாதீர்கள் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் குளிர்பெட்டியிலோ சூட்டிலோ வைக்க வழியில்லாத பள்ளி மைதானத்துக்கு இவை வேண்டாம் என்பது என் கருத்து. 5 பாகை செல்சியஸுக்குமேல், 60 பாகைக்குக் கீழ், இந்த இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். நம் கிள்ளான் வெயிலில் மேசைமேல் வைத்த எதுவும் அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதிகாலை ஐந்து மணிக்குப் பொட்டலம் கட்டுகிறீர்கள். பிள்ளை பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுகிறான். ஏழு மணி நேரம். நல்ல சூழ்நிலை அமைந்தால் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஏழு மணி நேரத்தில் இருபத்தொரு இரட்டிப்பு. ஐந்து மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தாலும் பன்னிரண்டு மணிக்கு இருபது லட்சத்துக்குமேல். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்வது இதனால்தான். "சாப்பிடுவதற்கு முன் சூடு காட்டிவிட்டால் போச்சு" என்பார்கள். எல்லா நேரத்திலும் அது சரிவராது. தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் நஞ்சைக் கக்கிவிட்டால், பிறகு கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும், நஞ்சு சாகாது. மணமும் ருசியும் மாறாமலே அது இருக்கும்.

பச்சை முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேக்குக்குள் போகும் முட்டை அடுப்பில் வெந்துவிடும். கேக்குமேல் பூசும் வெள்ளை ஐசிங்கில் பச்சை முட்டை வெள்ளைக் கருவை அடித்துச் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூஸிலும் திராமிசுவிலும் அப்படித்தான். சால்மோனெல்லா கிருமிக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. ஐசிங் வேண்டுமென்றால் பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் முட்டை வெள்ளைத் தூளை வாங்கிக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட முட்டையை "வீணாகப் போகிறதே" என்று கேக்கில் போடாதீர்கள்.

பயமுறுத்துவதற்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018இல் கெடா மாநிலம் பாலிங்கில் லக்சா சாப்பிட்டு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் நம் பக்கத்திலேயே, கோம்பாக்கில், ஒரு நிகழ்ச்சியில் கொடுத்த உணவைச் சாப்பிட்ட பலர் நோயுற்றார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தையும் பதினேழு வயதுப் பெண்ணும் உயிரிழந்தார்கள். இந்த உணவையெல்லாம் செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்கள். அதுதான் மனதை உறுத்துகிறது.

இங்கே இருக்கும் உங்களில் பலருக்கு 1988 ஞாபகம் இருக்கும். பேராக்கில், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழா நேரத்தில், லோ ஷீ ஃபன் என்னும் அரிசி மாவு மீ சாப்பிட்ட பிள்ளைகள் நோயுற்றார்கள். 13 பிள்ளைகள் இறந்துபோனார்கள். எத்தனையோ வீடுகளில் அப்போது மாதக்கணக்கில் மீ வாங்காமல் இருந்தார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் குறிப்பிட்டார்கள். அது பூஞ்சைக்காளானிலிருந்து வருவது. அரிசி, சோளம், வேர்க்கடலை போன்றவை ஈரத்தில் பூத்துப்போனால் அதில் உண்டாகும். கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது.

இதை இன்று ஏன் சொல்கிறேன் என்றால், கச்சாங் பிஸ்கெட்டுக்காக. வேர்க்கடலையை வறுத்து அரைத்து உருட்டி, மேலே மஞ்சள் கரு தடவிச் சுடும் அந்த பிஸ்கெட் இல்லாத பள்ளி விற்பனையே கிடையாது. போன தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய கடலையை டின்னிலிருந்து எடுக்கும்போது பாருங்கள். நிறம் கறுத்தது, சுருங்கியது, பூத்தது, கசப்பது எது இருந்தாலும் அந்தக் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தப் பொட்டலத்தையே குப்பையில் போடுங்கள். ஒரு கிலோ கடலை என்ன விலை இருந்துவிடப் போகிறது?

டின் என்றதும் இன்னொன்று. நம் வீட்டில் எதையும் தூக்கி எறிய மாட்டோம். மைலோ டின், மார்ஜரின் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் அலமாரியில் இருக்கும். சாப்பாட்டுச் சாமான் இருந்த டின்னைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குப் பயன்படுத்துவது வேறு விஷயம். ஆனால் சோப்பு, குளோராக்ஸ், பூச்சிமருந்து, உரம் இருந்த எந்தப் பாத்திரத்திலும் சமையல் எண்ணெயோ மாவோ ஒருபோதும் ஊற்றவோ கொட்டவோ கூடாது. 2013 ஜூலையில் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்ததைச் சோதனை காட்டியது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வைத்திருக்கலாம் என்று அப்போது கூறப்பட்டது. சமைத்தவருக்கே எண்ணெய்மீது சந்தேகம் வந்ததாகவும் செய்திகள் சொன்னன. சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

முறுக்கைச் சுட்டதும் எண்ணெய் வடிய நாளிதழைப் பரப்பி அதன்மேல் கொட்டும் பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கை தூக்க வேண்டாம். அச்சு மை எண்ணெயில் கரைந்து முறுக்கில் ஏறும். சமையல் காகிதம் விலை குறைவுதான், கம்பிச் சல்லடைத் தட்டு இன்னும் நல்லது. பொரித்த எண்ணெயை ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. கறுத்து, நுரைத்து, கெட்டியான எண்ணெயில் பொரித்த முறுக்கு மூன்றாம் நாளே காறல் வாடை அடிக்கும். உங்கள் பெயரும் அதோடு போகும். கலர் சேர்ப்பதானால் உணவுக்கென்று பெயரும் விவரமும் அச்சிட்ட பாட்டிலை மட்டும் வாங்குங்கள். சின்னக் காகிதத்தில் மடித்து விற்கும் பெயரில்லாத பளீர் சிவப்புப் பொடி துணிக்குச் சாயம் போடுவதாகக்கூட இருக்கலாம்.

இப்போது பொட்டலத்தின் மேலே என்ன எழுதுவது. கையால் எழுதினாலே போதும். பலகாரத்தின் பெயர், செய்த தேதி, என்னென்ன சேர்த்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும். முக்கியமாகக் கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், சோயா, மீன் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கடையில் விற்கும் பொட்டலத்துக்கு இதைக் கேட்கின்றன, காரணத்தோடுதான் கேட்கின்றன. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு துண்டு கச்சாங் பிஸ்கெட்டே மூச்சை அடைத்துவிடும். "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லையே" என்று சொல்லலாம். இருந்திருக்கும், பெயர் தெரியாமல் இருந்திருக்கும். கச்சாங் பிஸ்கெட் எடுத்த கரண்டியால் நெய் பிஸ்கெட் எடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

நம் ஆட்களில் பலர் சைவம். கேக்கில் முட்டை இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. பள்ளியில் மலாய் ஆசிரியர்கள் வாங்குவார்கள், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். ஃபுரூட் கேக்கில் ரம் ஊற்றினால் அதைப் பள்ளி விற்பனைக்கே அனுப்பாதீர்கள். நீங்கள் பன்றி, மது எதுவும் சேர்க்கவில்லை என்றாலும் பொட்டலத்தில் "ஹலால்" என்று எழுதக் கூடாது. அது சான்றிதழ் பெற்றவர்கள் மட்டும் பயன்படுத்தும் சொல். சேர்த்த பொருளை உண்மையாக எழுதிவிட்டால் வாங்குபவர் முடிவு செய்துகொள்வார்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இந்த அறையில் நீரிழிவு இருப்பவர்கள் குறைவாக இருக்க மாட்டார்கள். நீரிழிவுக்காரர்களுக்கு விரலில் ஏற்பட்ட சிறு வெட்டுகூட ஆற நாளாகும். அந்தப் புண்ணில்தான் நான் முன்பு சொன்ன ஸ்டெஃபிலோகாக்கஸ் குடியிருக்கும். பிளாஸ்டர் ஒட்டிக் கையுறை போட்டால் சின்னக் காயத்துக்குப் போதும். சீழ் வைத்த புண் என்றால் மாவில் கை வைக்காதீர்கள், மருமகளிடம் சொல்லிப் பிசையச் சொல்லுங்கள், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பாருங்கள். மேற்பார்வைக்குக் குறைச்சல் இருக்காது என்று நம்புகிறேன். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், நின்று இரண்டு நாள் கழியும்வரை பிறருக்குச் சமைக்க வேண்டாம். தேதியைப் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பால் பெட்டியில் அச்சிட்ட எண்கள் எனக்கே சரியாகத் தெரிவதில்லை. ஒரே நாளில் நூறு பொட்டலம் என்று ஒப்புக்கொண்டு இரவெல்லாம் அடுப்பு முன்னால் நிற்காதீர்கள். களைப்பில்தான் கை கழுவ மறக்கிறோம், காஸை மூட மறக்கிறோம்.

விற்பனை முடிந்த பிறகு ஒவ்வொரு பலகாரத்திலும் ஒரு பொட்டலத்தை உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் எடுத்து வையுங்கள். ஏன் என்கிறீர்களா? ஸ்டெஃபிலோகாக்கஸ் நஞ்சு என்றால் ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். சால்மோனெல்லா மூன்றாம் நாள்கூடக் காட்டலாம். அன்று மைதானத்தில் இருபது கடை இருந்திருக்கும். எந்தக் கடை என்று தெரியாவிட்டால் எல்லார்மேலும் பழி வரும். மாதிரி கையில் இருந்தால் பரிசோதனைக்கூடம் சொல்லிவிடும். உங்கள் பலகாரத்தில் குறை இல்லை என்றால் அதையும் சொல்லும்.

பிள்ளைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டால் மிஞ்சியதை அவசரமாகக் குப்பையில் கொட்டாதீர்கள், ஆற்றிலும் கொட்டாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, உங்களைப் போன்ற வயதானவர்கள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, தலைசுற்றல் இருந்தால் மருத்துவமனை. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உணவு நச்சுப்பாட்டை மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் பயந்து கதவைச் சாத்தாதீர்கள். நாங்கள் முதலில் கேட்பது எத்தனை மணிக்குச் செய்தீர்கள், எங்கே வைத்தீர்கள், யார் யார் சாப்பிட்டார்கள் என்பதுதான். விற்பனைக்கு முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும்:

"ஊசி போட்டால் காய்ச்சல் வருமா? எனக்கு இருதய மாத்திரை போகிறது."

போட்ட இடத்தில் வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கிளினிக்கில் காட்டுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்வார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"நான் விற்கவில்லை, சும்மா கொடுக்கிறேன். பள்ளிதான் கூப்பனுக்கு விற்கிறது. அப்போதும் எனக்குப் பொறுப்பு உண்டா?"

உண்டு. செய்தது உங்கள் கை. பொட்டலத்தில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். பெயர் எழுதத் தயங்கும் உணவை அனுப்ப வேண்டாம்.

"கறிபாப் கொடுக்கலாமா? பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்."

கொடுக்கலாம். ஆனால் முதல் நாள் இரவே பொரித்து வைக்காதீர்கள். உருளைக்கிழங்கு, கோழி, சார்டின் எந்தப் பூரணமாக இருந்தாலும் ஈரமானது. பூரணத்தை ஆற வைத்து, மடித்து, பொரிக்காமல் உறைய வைத்துவிட்டுக் காலையில் பொரித்து, நான்கு மணி நேரத்துக்குள் விற்றுத் தீரும்படி கணக்குப் பண்ணிக் கொண்டுபோங்கள். மிஞ்சினால் மாலைக்கு வீட்டில் சூடுபடுத்தித் தரலாம் என்று எடுத்து வைக்காதீர்கள்.

"போன மாதம் சுட்ட ஃபுரூட் கேக் உறைபெட்டியில் இருக்கிறது. அதை விற்பனைக்குக் கொடுக்கலாமா?"

அது உங்கள் வீட்டு உபயோகத்துக்கு. விற்பனைக்குப் புதிதாகச் சுடுங்கள். சுட்ட தேதியை எழுத வேண்டும் என்று இப்போதுதான் சொன்னேன். போன மாதத் தேதியை எழுதினால் யார் வாங்குவார்கள்? எழுதாமல் விற்க நினைத்தால் அதற்கு நான் சம்மதிக்க முடியாது.

"பயிற்சி தமிழில் இருக்கிறதா?"

பயிற்சிப் பள்ளியைப் பொறுத்தது. பதிவு செய்யும்போதே கேளுங்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு குழுவாகச் சேர்ந்து கேட்டால், தமிழில் விளக்கக்கூடிய பயிற்றுநரை ஏற்பாடு செய்வது எளிது. கிள்ளானில் இருப்பவர்கள் கிள்ளான் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவிலும், கோலாலம்பூரில் இருப்பவர்கள் தங்கள் வட்டாரச் சுகாதார அலுவலகத்திலும் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வரும்போது அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்.